ஒரிஹாராவின் பையில் ஐம்பத்து நான்கு

என் கடைக்கு வரும் துணிகளின் பைகளைத் துழாவுவது என் வேலை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் மேட்டில் இதைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. துணி வெளுப்பவள் நான் இல்லை. வாங்கி, சீட்டுக் குத்தி, கீழே டவுனில் இருக்கும் சலவை ஆலைக்கு அனுப்பி, வந்ததும் திருப்பிக் கொடுப்பவள் மட்டும்தான். ஆனால் அனுப்பும் முன் ஒவ்வொரு பையையும் வெளியே இழுத்துப் பார்த்தாக வேண்டும். ஒரே ஒரு பேனா உள்ளே தங்கிவிட்டால் போதும், முப்பது வீட்டு வெள்ளைச் சட்டை நாசம். கிடைத்ததை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சீட்டோடு சேர்த்து வைப்பேன். முப்பத்தொரு வருஷத்தில் சூதாட்டக் கூடத்து எஃகு உருண்டைகள், இன்னொருத்தி எழுதிய கடிதம், ஒரு தடவை முழுப் பல்செட்டு கூட வந்திருக்கிறது. நான் எதையும் தேடிப் போவதில்லை. அதுவாக என் மேசைக்கு வருகிறது.

அந்தத் திங்கட்கிழமை வந்தது ஒரிஹாராவின் ஜாக்கெட்.

ஒரிஹாரா எங்கள் வேனை ஓட்டுபவர். ஒகயாமா மலைச்சரிவில், டவுனிலிருந்து நாற்பது நிமிஷம் ஏறிவர வேண்டிய குடியிருப்பு எங்களுடையது. ஆறு வருஷத்துக்கு முன் பஸ் கம்பெனி எங்களைக் கைவிட்டது. குடியிருப்புச் சங்கம் நகராட்சியிடம் கெஞ்சி ஒரு வேன் வாங்கியது. செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும். டாக்டர் அசாமியின் கிளினிக், பக்கத்து மருந்துக் கடை, பிறகு சூப்பர் மார்க்கெட், மதியத்துக்குள் வீடு. அதில் தொங்கிக்கொண்டுதான் நாங்கள் பதினோரு பேர் உயிரோடு இருக்கிறோம். முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரிஹாரா, எழுபத்து நாலு வயதில், சம்பளமில்லாமல் எங்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் எப்போதும் அவர் மனைவி மித்ஸுயே. அந்த அம்மாள் அதே கம்பெனியில் சுற்றுலா பஸ் கைடாக இருந்தவர். தொப்பி, வெள்ளைக் கையுறை, விசில், எல்லாம் போட்டு முன்னால் நின்று பேசுவார்களே, அந்த வேலை. டிரைவரும் கைடும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கதை எங்கள் மேட்டில் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஜாக்கெட்டின் உள்பையில் மருந்துக் கடையின் காகித உறை ஒன்று மடித்திருந்தது. மேலே அச்சில் ஒரிஹாரா சுனேயோ என்று பெயர். உள்ளே மூன்று வெள்ளிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் பெரிதாக 54.

எங்களிடம் நோயை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, எண் சொல்லித்தான் கேட்போம். டாக்டர் அசாமி கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் மாட்டியிருப்பார், ரத்தம் எடுப்பார், படம் எடுப்பார். கூடவே நாக்கை நீட்டச் சொல்வார், படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். கடைசியில் ஒரே சீட்டில் ரத்தக் கொதிப்பு மாத்திரையும் இருக்கும், பழைய வைத்தியத்து மூலிகைத் தூளும் இருக்கும். அரசாங்க இன்சூரன்ஸ் இரண்டையும் ஒன்றாகவே விழுங்கிக்கொள்ளும். மூலிகைத் தூளுக்குச் சீனத்திலிருந்து வந்த முழ நீளப் பெயர்கள் உண்டு. அவை யார் வாயிலும் நுழையாது. பொட்டலத்தின் மேல் இருக்கும் எண்தான் எங்களுக்குப் பெயர். எனக்குக் கால் இழுத்துக்கொள்வதற்கு அறுபத்தெட்டு. சங்கத் தலைவர் ஹிகுச்சிக்கு ஏழு. ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார் என்பது அதிலேயே விளங்கிவிடும்.

ஐம்பத்து நாலு எனக்குத் தெரிந்த எண். என் அத்தான் முதியோர் இல்லத்தில் தன் சொந்த மகளையே திருடி என்று கத்தி, தாதியின் கையைக் கடித்தபோது அவருக்குக் கொடுத்தது அதுதான். மூளை கலைந்து போனவர்களை அமைதிப்படுத்தும் தூள். வேறு எதற்காவது கொடுப்பார்களா என்று நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

பதினோரு உயிரை ஏற்றிக்கொண்டு வளைந்து வளைந்து மலை இறங்குகிறவர் ஐம்பத்து நாலு சாப்பிடுகிறார். இதை மனசில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை எப்படிச் சும்மா இருப்பாள்? எதிர்வீட்டு இமாயிடம் மட்டும் சொன்னேன். இமாய் ஊரைக் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. ஒவ்வொருவரிடமாகத் தனித்தனியே போய்ச் சொல்வாள். உறையின் மேல் பெயர் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பார்லி டீயை உறிஞ்சிவிட்டு, தனக்கும் ரொம்ப நாளாகவே சந்தேகம் இருந்ததாகச் சொன்னாள்.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிகள் வரிசையில் நிற்கும். வேனில் மித்ஸுயே ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் வாய்விட்டு வழி சொல்வார். அடுத்து இடப்பக்கம் திரும்புகிறோம், வலப்பக்கம் பாலம் வருகிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பழக்கம் என்று இத்தனை நாள் சிரித்தோம். இப்போது அது வேறு மாதிரி கேட்டது. மனுஷனுக்கு வழி மறந்துவிட்டது. பெண்டாட்டி சொல்லச் சொல்ல ஓட்டுகிறார். முன்பெல்லாம் பேஸ்பால் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறவர் ஒரு வருஷமாக வாயே திறப்பதில்லை. அவர் வீட்டுக் குப்பை வாரத்தில் தப்பான நாளில் வந்து நிற்கிறது. இவை எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துத்தான் இருந்தோம். இப்போதுதான் சேர்த்துத் தைத்தோம்.

மறுநாள் செவ்வாய். வேனில் ஏறி உட்கார்ந்தோம். எல்லார் கண்ணும் ஒரிஹாராவின் கழுத்தில். பாதி மலையில், பதினைந்து வருஷத்துக்கு முன் மூடிய மர ஆலையின் வாசல் வந்தது. அங்கே பழைய பஸ் நிறுத்தத்தின் துருப்பிடித்த கம்பம் மட்டும் நிற்கிறது. மித்ஸுயே நிமிர்ந்து உட்கார்ந்து, மர ஆலை வாசல், இறங்குகிறவர்கள் பொருட்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரிஹாரா வண்டியை ஓரம் கட்டினார். கதவைத் திறந்தார். குளிர்காற்று மட்டும் ஏறிக்கொண்டது. ஒரு முழு நிமிஷம் கழித்துக் கதவை மூடிக்கொண்டு கிளம்பினார்.

இமாய் என் தொடையைக் கிள்ளினாள். அன்று மாலைக்குள் தலைவர் ஹிகுச்சி சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம் என்று ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் சுற்றறிக்கைப் பலகையை அனுப்பிவிட்டார். நாற்பது வருஷம் நகராட்சி அலுவலகத்தில் இருந்தவர். சீட்டில் எழுதாத எதையும் நம்பாதவர். வேன் ஓட்டுநரின் உடல்நலம் குறித்து என்று நாசூக்காக எழுதியிருந்தார்.

புதன்கிழமை ஒரிஹாரா ஜாக்கெட்டை வாங்க வந்தார். சீட்டோடு பிளாஸ்டிக் உறையையும் நீட்டினேன். மனுஷன் முகம் மாறுகிறதா என்று பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா? அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னோடதுதான். வச்சதையே மறந்துட்டேன்," என்றார்.

மறந்துட்டேன். அந்த ஒரு வார்த்தையை நான் இரவு சாப்பாடு வரை மென்றேன். வெளியே கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மித்ஸுயே நின்றிருந்தார். முத்துப் போல வெள்ளைக் கையுறை, இடுப்பு வளையாத நிற்பு. என்னைப் பார்த்ததும் அழகாகக் குனிந்து வணங்கினார். பாவம், எத்தனை சுமையை இந்த அம்மாள் தனியாகச் சுமக்கிறார் என்று நினைத்தேன். எழுபது வருஷம் வாழ்ந்தும் என் மூக்கு எவ்வளவு மட்டமானது என்று பாருங்கள்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் என் முறை வந்தது. கால் வலியைச் சொல்லிவிட்டு, போகிற போக்கில் கேட்பது போல ஐம்பத்து நாலு என்றால் என்ன டாக்டர் என்று கேட்டேன். டாக்டர் அசாமி சின்ன வயசுதான், நாற்பது தாண்டியிருக்காது. ஆனால் என் மாதிரி ஆட்களைத் தினமும் பத்துப் பேரைப் பார்க்கிறவர். யாருக்காகக் கேட்கிறீர்கள் என்றார். எனக்காகத்தான் என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் நாக்கை நீட்டச் சொன்னார். படுக்கவைத்து விலாவுக்குக் கீழே அமுக்கினார். வலித்தது. தூக்கம் எப்படி, பல்லைக் கடிப்பீர்களா, சின்ன விஷயத்துக்குக் கோபம் வருமா என்று கேட்டார். இதற்கெல்லாம் இல்லை என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"உங்களுக்குப் பொருந்தும். ரொம்ப நாளாவே சொல்லலாம்னு இருந்தேன்," என்று கணினியில் தட்டினார்.

அது மூளை கலங்கினவர்கள் மருந்து இல்லையா என்று பதறினேன். அவர் சிரித்தார். அதற்கும் கொடுக்கிறோம்தான், ஆனால் ஆதியில் அது குழந்தை மருந்து, காரணமில்லாமல் வீறிட்டு அழுகிற குழந்தைக்கு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல டாக்டர்களுக்குத் தாங்கள் படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

"பழைய புத்தகத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? புள்ளைக்கு மட்டும் குடுக்காதே, தூக்கி வச்சிருக்கிற அம்மாவுக்கும் அதையே குடுன்னு இருக்கு. ஒருத்தர் தவிச்சா இன்னொருத்தருக்கும் ஒட்டிக்கும். நான் இப்பவும் அப்படித்தான் செய்யறேன். வயசானவங்களைப் பார்த்துக்கறவங்களுக்கும் சேர்த்து. ஆனா இன்சூரன்ஸுக்கு அம்மாவும் புள்ளையும் புரியாது. ரெண்டு அட்டை, ரெண்டு பேரு, ரெண்டு பேருக்கும் தனித்தனியா நோய் காட்டணும். அதனால பார்த்துக்கறவங்களையும் உட்கார வச்சு வயித்தை அமுக்கி, அவங்க பேருலயே எழுதறேன்."

யாரைப் பற்றியும் சொல்லவில்லை அவர். பொதுவாகத்தான் சொன்னார். ஆனால் நான் கட்டிலைவிட்டு இறங்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஒரிஹாரா பெயரில் ஐம்பத்து நாலு என்றால் ஒரிஹாராதான் நோயாளி என்று அர்த்தமில்லை. அவர் தூக்கி வைத்திருக்கிறவராகவும் இருக்கலாம்.

அவர் வீட்டில் இன்னொருவர்தான் உண்டு.

திரும்பும்போது இமாயை ஒதுக்கிவிட்டு முன் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். அரிசி மூட்டை, வெங்காயத்தாள், எல்லாம் மடியில். மேலே ஏற ஏற மித்ஸுயே அதே இனிமையான குரலில் திருப்பங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் ஒரிஹாராவின் பக்கம் சாய்ந்து ரகசியம் போலக் கேட்டார்.

"டிரைவர் சார், நாலு மணிக்குள்ள என்னை வீட்டுல விட்டுருவீங்களா? வீட்டுக்காரர் காத்துக்கிட்டிருப்பாரு."

"விட்டுடறேன்மா. அவர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்," என்றார் ஒரிஹாரா.

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. ஆனா சாப்பிடாம உட்கார்ந்திருப்பாரு."

"தெரியும்."

இந்த டிரைவர் சார் எத்தனை தடவை என் காதில் விழுந்திருக்கிறது. வயதான ஜோடியின் கொஞ்சல் என்று நானும் இமாயும் கிண்டல்கூடச் செய்திருக்கிறோம்.

என் வீட்டு முனை வந்தபோது நான் இறங்கவில்லை. எல்லாரும் இறங்கி, வேன் சங்கக் கட்டடத்து முன்னால் நின்ற பிறகும் உட்கார்ந்திருந்தேன். மித்ஸுயே எழுந்து, யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று இருக்கை இருக்கையாகக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். பயணிகள் இறங்கிய பின் கைடு செய்யும் வேலை அது. என்னையும் ஒரு விட்டுப்போன பொருளைப் போலப் பார்த்து, புன்னகைத்து, அடுத்த இருக்கைக்குப் போனார். நானும் ஒரிஹாராவும் வெளியே நின்றோம்.

எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார். பொட்டலத்தைப் பார்த்தது நான்தான் என்று தெரியும் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் உறைத்தது. நாளைக்குக் கூட்டத்தில் சாவியைக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னார். நோயாளி நீங்கள் இல்லை, அந்த அம்மாள்தான் என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவர் உடனே வேனுக்குள் திரும்பிப் பார்த்தார், மனைவியின் காதில் விழுந்துவிட்டதோ என்று.

"டாக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கிக் குடுத்தா முடிஞ்சுது. நீங்க ஏன் சாவியைக் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

"பேப்பர் குடுத்தா, அப்ப அந்த மருந்து எதுக்குன்னு கேப்பாங்க. உங்க ஊரை உங்களுக்குத் தெரியாதா? அப்பறம் அவ வழி சொல்லும்போது எல்லாரும் குழந்தைகிட்ட பேசற மாதிரி ஆமாம்மா ஆமாம்மான்னுவாங்க. ஒருத்தர் சிரிச்சாலும் அவளுக்குப் புரிஞ்சுடும். அது மட்டும் இன்னும் புரியுது." மறுபடி வேனுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டார். "வீட்டுல நான் யாருன்னு அவளுக்குத் தெரியல. எதுக்கு இங்க இருக்கீங்கன்னு கேக்கறா. வண்டியில ஏறிட்டா அந்தக் குழப்பமே இல்ல. நான் டிரைவர், அவ கைடு. வாரத்துல ரெண்டு நாள் நாங்க ஒருத்தரை ஒருத்தர் அறிஞ்சவங்க. அன்னிக்கு மர ஆலையில நிறுத்தாமப் போயிருந்தா அழுதிருப்பா, பயணியை விட்டுட்டோம்னு. அதனால நிறுத்தினேன்."

அப்படியானால் சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த இரண்டு நாளும் போய்விடுமே என்றேன். போகும் என்றார். அவளைப் பார்த்துச் சிரிப்பதைவிட என்னைச் சந்தேகப்படட்டும், அது பழகிவிடும் என்றார்.

வீட்டுக்கு வந்து அரிசியை டப்பாவில் கொட்டினேன். என் பையில் டாக்டர் எழுதிக் கொடுத்த உறை இருந்தது. நெமோத்தோ கியோ என்று என் பெயர், உள்ளே பதினான்கு நாளுக்கு ஐம்பத்து நாலு. வதந்தியைத் திரும்ப விழுங்குவது எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? நான் ஒருபோதும் தப்பாகச் சொன்னதில்லை என்பதுதான் இந்த மேட்டில் என் கௌரவமே. உண்மையைச் சொல்லவும் முடியாது. என் வாயில் ஒரு உண்மை இருந்து அதை நான் சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. உங்களிடம் இப்போது சொல்வதில் குற்றமில்லை. நீங்கள் எங்கள் மேட்டுக்கு வரப்போவதில்லை.

சனிக்கிழமை கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். பெருமழையில் எல்லாரும் இங்கே ஒதுங்கியபோதுகூட இத்தனை செருப்பு வாசலில் பார்த்ததில்லை. டீயும் பீன்ஸ் இனிப்பும் வைத்திருந்தார்கள், ஒருவரும் தொடவில்லை. மித்ஸுயே உள்ளே வரவில்லை, பக்கத்து அறையில் கூட்டத்துக்கு வந்தவர்களின் கோட்டுகளை அழகாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தலைவர் ஹிகுச்சி தொண்டையைக் கனைத்து, எல்லாருடைய பாதுகாப்பும் என்று ஆரம்பித்து, ஒரு முழு நிமிஷம் எதையும் சொல்லாமல் பேசினார். ஒரிஹாரா எழுந்தார். கை ஜாக்கெட் பைக்குள் போனது. சாவிக்கொத்தின் சத்தம் கேட்டது.

"அந்தப் பொட்டலம் என்னோடது," என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ஒரிஹாரா முதலில் திரும்பினார்.

என் மருந்து என் கடை மேசையில் கிடந்தது, அவர் ஜாக்கெட்டோடு கலந்துவிட்டது, என்னுடையதுதான் என்பதையே மறந்து அவர் பையில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். இமாய் விடுவாளா?

"உறை மேல அவர் பேரு இருந்துதுன்னு சொன்னீங்களே, நெமோத்தோ அம்மா?"

"அதையும் தப்பாப் படிச்சிருக்கேன் போல."

"மூணு பொட்டலம்னு எண்ணிச் சொன்னீங்க."

"அதுவும் சரியா ஞாபகம் இல்ல."

ஐம்பத்து நாலு என்றால் ஒரே அர்த்தம்தான் என்று நான்தானே எல்லாருக்கும் கற்றுக்கொடுத்திருந்தேன். நான் எழுதிய பாடத்தில் என்னையே உட்காரவைத்துப் பார்த்தார்கள். யாரோ மர ஆலையை எடுத்தார்கள். அங்கே ஏன் வண்டி நின்றது? நான்தான் அங்கே இறங்க வேண்டும் என்று ஏறும்போதே சொல்லி வைத்திருந்தேன், பிறகு எதற்கு என்று மறந்துவிட்டது என்றேன். அந்த அம்மாள் வழி சொல்வது? எங்கே போகிறோம் என்று நான் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன், எனக்காகத்தான் சொல்கிறார். ஒவ்வொரு கேள்விக்கும் என்மேல் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டேன். ஒருத்தியாவது, கியோ அப்படியில்லையே, கெட்டிக்காரியாச்சே என்று சொல்வாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. யாரும் சொல்லவில்லை. இரண்டு பேர் தலையை ஆட்டிக்கொண்டார்கள், தங்களுக்கும் ரொம்ப நாளாகச் சந்தேகம் இருந்தது போல.

ஹிகுச்சி எழுதாததை நம்பாதவர் என்று சொன்னேன் அல்லவா. கையை நீட்டினார். என் உறையைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். உறையில் பெயர் இருந்தது, எண் இருந்தது. தேதியும் இருந்தது, முந்தின நாள் தேதி. திங்கட்கிழமை என் மேசையில் கிடந்ததாகச் சொன்ன மருந்து வெள்ளிக்கிழமைதான் கடையைவிட்டே வந்திருந்தது. அவர் நாற்பது வருஷம் தேதிகளை மட்டுமே பார்த்துச் சம்பளம் வாங்கியவர்.

உறையை மடித்தார். ஒரிஹாராவை ஒரு தடவை பார்த்தார். பக்கத்து அறையில் துணி மடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"தாள்படி சரியாத்தான் இருக்கு," என்று உறையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தேதியை அவர் கவனித்தாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் முடியாது. ஆனாலும் நடைமுறை நடைமுறைதான் என்று, ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் ஒரு ஞாபகசக்திப் பரிசோதனை எடுத்துவிடுங்கள் என்று ஒரிஹாராவிடம் சொன்னார். அதற்கென்ன, திங்கட்கிழமையே போகிறேன் என்றார் அவர். போனார். படத்தில் பார்த்த பதினாறு பொருளையும் ஒன்று விடாமல் சொல்லி, அந்தத் தாளைக் கொண்டுவந்து ஹிகுச்சியிடம் நீட்டினார். தாள் இருந்தால் அவருக்குப் போதும்.

எனக்குத்தான் போதவில்லை. திங்கட்கிழமை கடைக்கு வந்தவர்கள் சீட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்கள். ஒருத்தி சட்டைகளை என் கண் முன்னாலேயே எண்ணிக் காட்டினாள், சத்தமாக, மெதுவாக. இமாய் ஒரு கிண்ணம் வேகவைத்த பூசணிக்காயோடு வந்து, அடுப்பை அணைத்தீர்களா என்று விசாரித்துவிட்டு, கண்ணை என் அடுக்களை முழுக்க ஓடவிட்டாள். நான் என்னென்ன கேள்விகளை எப்படிக் கேட்பேனோ அதையெல்லாம் அப்படியே கேட்டாள். நல்ல தொழில்காரிதான்.

செவ்வாய் காலை வேன் வந்து நின்றது. ஏறும்போது இரண்டு பேர் என் முழங்கையைப் பிடித்தார்கள். எனக்கென்று ஜன்னலோரம் விட்டு வைத்திருந்தார்கள். மித்ஸுயே முன்னால் கையுறையோடு உட்கார்ந்திருந்தார். ஒரிஹாரா கண்ணாடியைச் சரி செய்தார். அதில் அவர் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன, உடனே பிரிந்தன. இமாய் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, ஊரே கேட்கிற குரலில் கேட்டாள்.

"இன்னிக்கு என்ன கிழமை, சொல்லுங்க பார்ப்போம்?"

வேன் முழுக்கக் காதாகியது. ஒரே ஒரு சரியான பதில் போதும், சனிக்கிழமை நான் கட்டியதெல்லாம் மத்தியானத்துக்குள் சரிந்துவிடும். இமாய் அப்படிப்பட்டவள், என் தலை சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த கேள்வி அந்தப் பொட்டலம் அப்போ யாருடையது என்பதுதான். எனக்கு நாள் தெரியும், தேதி தெரியும், இமாய் பிறந்த வருஷம் அவள் வெளியே சொல்வதைவிட மூன்று முந்தியது என்பதும் தெரியும்.

"வெள்ளி," என்றேன்.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். இமாய் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துக் கண்ணாலேயே சொன்னாள். ஒரிஹாரா வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மித்ஸுயே திரும்பினார். முகத்தில் அந்தப் பழைய கம்பெனிப் புன்னகை. என்னை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது போலவும், ஆனாலும் என் பொறுப்பு அவருடையது என்பது போலவும் பார்த்தார்.

"கவலைப்படாதீங்க. நீங்க இறங்க வேண்டிய இடம் வந்ததும் நான் சொல்றேன்."

எவ்வளவு தெளிவு பாருங்கள், எவ்வளவு பொறுமை, என்று இமாய் என் காதில் முணுமுணுத்தாள். மற்றவர்களும் ஆமோதித்தார்கள். மித்ஸுயே நேராகத் திரும்பி உட்கார்ந்து, கிளம்பலாம் என்பதற்கு வெள்ளைக் கையை உயர்த்தினார். ஒரிஹாரா வண்டியை எடுத்தார்.